இருபத்தைந்து நிமிடங்கள்

மே 14, திங்கள்

காலையில் எட்டு கர்ப்பிணிகளுக்கு எடை பார்த்தேன். ஒருத்திக்குக் கால் வீக்கம். உப்பைக் குறைக்கச் சொன்னால், மீன் ஊறல் இல்லாமல் சோறு இறங்காது என்கிறாள்.

மதியம் டாக்டர் யூ யூ மோல்மீனிலிருந்து ஆற்றைக் கடந்து வந்தார். டீகூட வேண்டாம் என்றுவிட்டுப் பிரசவப் பதிவேட்டைப் புரட்டினார்.

"ஓன் சேன், பிப்ரவரியிலேருந்து இருபத்திரெண்டு பேரு வலியெடுத்து வந்திருக்காங்க. அத்தனை பேரையும் படகேத்தி எங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டீங்க. அதுல எத்தனை பேருக்கு நெஜமாவே ஆஸ்பத்திரி தேவைப்பட்டுச்சு?"

"தெரியலைங்க டாக்டர்."

"மூணு பேருக்கு. நேத்து ஒருத்தி நடு ஆத்துல, படகுப் பலகை மேல பெத்துப் போட்டா. இந்தக் கட்டில்ல நல்லபடியா பெத்திருக்க வேண்டியவ."

என் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நடுங்கியது. ஜனவரியிலிருந்தே நடுங்குகிறது.

"இது தண்டனை இல்ல. ஆறு வாரம் லீவு போடுங்க. பக்கத்து ஊர் நர்ஸ் பாத்துக்குவா. தூங்குங்க. உக்காந்து சாப்பிடுங்க. தெனம் நடங்க. மனசுக்குன்னு ஏதாவது செய்யுங்க."

"மனசுக்குன்னு என்ன செய்யறது?"

"அதை நான் சொல்ல முடியாது."

பத்தொன்பது வருடத்தில் முதல் நீண்ட விடுப்பு. சுகாதார நிலையத்துச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். கை லேசாக இருந்தது. அந்த லேசு எனக்குப் பிடிக்கவில்லை.

மே 15

இருக்கிற பாத்திரங்களை எல்லாம் இரண்டு முறை கழுவினேன்.

மே 17

என் வீட்டுக்காரர் பட்டறையில் சிலேட்டு அறுத்துவிட்டு, தலையெல்லாம் தூளோடு வந்தார். சமையலறையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"நீ வீட்ல இருந்தா எனக்குப் பயமா இருக்கு. என்னையும் கழுவிக் கவுத்து வச்சிருவ போல."

சிரித்தேன். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து, தூசிக் கையை என் மேல் படாமல் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "முடோன் பக்கத்துல, ரப்பர் தோட்டத்துக்குள்ள தியான மடம் இருக்குல்ல? பத்து நாளு. போயிட்டு வாயேன்" என்றார்.

"கண்ணை மூடினா எனக்கு என்ன வரும்னு உங்களுக்குத் தெரியாது."

"கண்ணைத் தெறந்திருந்தாலும் அதுதான வருது? மூடித்தான் பாரேன்."

கோ தௌங் இப்படித்தான். விளையாட்டுப் போலச் சொல்வார், ராத்திரி முழுக்க உறுத்தும்.

மே 20

டாக்டர் சொன்னபடி உட்கார்ந்து சாப்பிட்டேன். இத்தனை வருடம் நின்றுகொண்டே, ஒரு காதை வாசலில் வைத்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன். உட்கார்ந்தால் சோற்றுக்கு ருசி இருக்கிறது. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்தேன். தனக்காக் கட்டையைச் சந்தனம்போல இழைத்து முகத்தில் பூசிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் யாரோ விருந்துக்குப் போகிறவள்.

பிறகு நடக்கப் போனேன். பகோடாவைச் சுற்றிக்கொண்டு, தூரமான பாதையில் போனேன். நேர்ப் பாதையில் லோன் மே மீன்குழம்பு ஊற்றிய மொய்ங்கா நூடுல்ஸ் விற்கிறாள். ஜனவரியிலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை.

எழுதிவிடுகிறேன். வேறு எங்கே சொல்வது?

லோன் மேயின் தங்கை நூ நூ. புருஷன் தாய்லாந்தில் இறால் உரிக்கப் போயிருக்கிறான். ஜனவரி எட்டாம் தேதி, திங்கள், காலை ஒன்பதே காலுக்கு என் கையில் பெண் பிள்ளை பெற்றாள். நல்ல குழந்தை, நல்ல அழுகை. நஞ்சுக்கொடியும் விழுந்தது. ஆனால் இரத்தம் நிற்கவில்லை. பா டின் அண்ணன் படகில் ஏற்றினோம். கடல் இறங்கி ஆறு வற்றும் நேரம். படகு சேற்றில் தட்டி நின்றது. கழி போட்டுத் தள்ளினார்கள். நடு ஆற்றில் நூ நூ போய்விட்டாள். அவள் தலை லோன் மேயின் மடியில் இருந்தது.

அறிக்கையில் 'படகுத் தாமதம்' என்று எழுதியிருக்கிறது. எழுதியது நான். கையெழுத்தும் என்னுடையது.

மே 23

போகிறேன். பத்து நாள்தானே.

துறையில் இரண்டு படகுகள் நின்றன. ஒன்றில் ஆள் நிறைந்திருந்தது. பா டின் அண்ணன் படகில் இரண்டு மூட்டை, ஒரு சைக்கிள், அவ்வளவுதான். ஊரில் யாரும் அதில் ஏறுவதில்லை. பிள்ளைத்தாய்ச்சியைக் கொன்ற படகு என்கிறார்கள்.

"வாங்க நர்சம்மா, எடம் இருக்கு" என்றார்.

நான் ஆள் நிறைந்த படகில் ஏறி, நின்றுகொண்டே போனேன்.

மே 24 — மடத்தில் முதல் நாள்

எழுதக் கூடாது, படிக்கக் கூடாது, பேசக் கூடாது. மதியத்துக்கு மேல் சாப்பாடு கிடையாது. போனை வாங்கிக்கொண்டார்கள். பென்சிலைச் சோப்பு டப்பாவில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். முதல் நாளே திருட்டு.

சொல்லிக்கொடுப்பவர் ஒரு சயாலே, பெண் துறவி. மொட்டைத் தலை, இளஞ்சிவப்பு அங்கி. பெயர் கேமா. இருபத்தெட்டு வயதாம். நான் முதன்முதலாகப் பிரசவம் பார்த்தபோது இவருக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ. காலைத் தொட்டு வணங்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

"மூக்கு நுனியில மூச்சு வரதைப் பாருங்க, போறதைப் பாருங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றார்.

இது ஒரு வேலையா என்று நினைத்தேன். நான்காவது மூச்சிலேயே வேறெங்கோ போயிருந்தேன்.

மே 25

முழங்கால். முழங்கால். முழங்கால்.

பழக்க தோஷத்தில் மூச்சை எண்ணுகிறேன். வலி எத்தனை நிமிடத்துக்கு ஒரு தரம் வருகிறது என்று எண்ணுகிறவள்தானே. மதியம் உட்கார்ந்தபடியே தூங்கிச் சாய்ந்துவிட்டேன். பக்கத்துப் பாய்க்காரி முழங்கையால் இடித்தாள். சயாலேயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியரிடம் மட்டும் ஐந்து நிமிடம் பேசலாம்.

"எத்தனை நாளாத் தூங்கலை அக்கா?"

"அஞ்சு மாசமா சரியாத் தூங்கலை."

"அப்ப போய்த் தூங்குங்க. தூங்கி எந்திரிச்சு வாங்க, தியானம் எங்கயும் போயிறாது."

தூங்கினேன். பகல் மூன்று மணி நேரம். மழை பெய்து ஓய்ந்ததுகூடத் தெரியவில்லை.

மே 26

அவள் இங்கே இருக்கிறாள்.

பத்தரை மணிச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றேன். என் தட்டில் சோறு விழுந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மணிக்கட்டில் எண்ணெய் சுட்ட தழும்பு. நிமிர்ந்தேன். லோன் மே.

தங்கை பேரில் புண்ணியம் சேர்க்கப் பத்து நாள் சமையலுக்கு வந்திருக்கிறாளாம். இன்றைக்குத்தான் வந்தாளாம். அடுக்களையில் பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அவர்கள் பேசலாம், நாங்கள்தான் பேசக் கூடாது.

அவளும் என்னைப் பார்த்தாள். முகம் ஒன்றும் மாறவில்லை. ஒரு கரண்டி சோறு, கொஞ்சம் பூசணிக்காய். அடுத்த ஆள்.

பிற்பகல் தியானத்தில் ஒரு குழந்தை அழுதது. அடுக்களையில் தூளி கட்டியிருக்கிறாள். அந்த அழுகை எனக்குத் தெரியும். முதன்முதலில் கேட்டவள் நான்தான்.

நாளைக்கே வீட்டுக்குப் போய்விடலாமா? போய்விடலாம். யார் தடுக்கப் போகிறார்கள்?

மே 27

போகவில்லை. ஏன் என்று தெரியவில்லை. பையைக் கட்டி வைத்தேன், பிறகு மணி அடித்தது, எல்லோரும் போனார்கள், நானும் போனேன்.

மே 28

சயாலேயிடம் சொன்னேன். பெயர் சொல்லவில்லை.

"மூச்சைப் பாக்க முடியலை. ஒரு சுவர்க் கடிகாரம்தான் வருது. எங்க பிரசவ அறைக் கடிகாரம். அதைத் தொரத்தத் தொரத்த வருது."

சயாலே சிரித்துவிட்டார். இந்தப் பெண் எதற்கெடுத்தாலும் சிரிக்கும்.

"துறவு வாங்கறதுக்கு முன்னாடி நான் பஸ் ஸ்டாண்டுல போன் கார்டு வித்தேன் அக்கா. சில பேரு அவசரத்துல பரபரன்னு சொரண்டுவாங்க. நம்பரே அழிஞ்சு போயிரும். அப்பறம் எங்கிட்ட வந்து சண்டை. நீங்களும் பரபரன்னு சொரண்டறீங்க."

"அப்ப என்ன செய்யட்டும்?"

"கடிகாரம் வந்தா கடிகாரத்தைப் பாருங்க. மணி எத்தனைன்னு பாருங்க. பாத்துட்டு மூச்சுக்கு வாங்க."

எழுந்து வரும்போது, "பென்சிலு சோப்பு டப்பாவுல கடகடங்குது, ஒரு துணியச் சுத்தி வைங்க" என்றார். நான் அப்படியே நின்றேன். அதற்கும் ஒரு சிரிப்பு.

மே 29

இன்றைக்கு ஒரு பதினைந்து மூச்சு, தொடர்ந்து. உள்ளே வருவது குளிர்ச்சி, வெளியே போவது கொஞ்சம் சூடு. நாற்பத்தைந்து வருடமாக இது நடந்துகொண்டிருக்கிறது, இன்றைக்குத்தான் தெரிகிறது.

தட்டில் பலாக்காய்க் கறி. அவள் கையை மட்டும் பார்க்கிறேன். அவள் என் தட்டை மட்டும் பார்க்கிறாள்.

மே 30

மணி பார்த்தேன்.

ஓடாமல் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் வலித்தது, வலிக்கட்டும் என்று விட்டேன். கடிகாரத்தில் ஒன்பது முப்பது. துணி நனைந்துவிட்டது. ஊசி போட்டாயிற்று. அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன். லோன் மே கேட்கிறாள்: "படகுக்குச் சொல்லட்டுமா நர்சம்மா?" நான் சொல்கிறேன்: "கொஞ்சம் பொறு. நின்னுரும்."

ஒன்பது நாற்பது. மறுபடி கேட்கிறாள். "நான் பாத்துக்கறேன்."

ஒன்பது ஐம்பத்தைந்து. படகுக்கு ஆள் அனுப்புகிறேன்.

இருபத்தைந்து நிமிடங்கள். அந்த இருபத்தைந்து நிமிடத்தில்தான் ஆறு வற்றியது. ஒன்பதரைக்கு அனுப்பியிருந்தால் படகு தட்டியிருக்காது. பிழைத்திருப்பாளா? தெரியாது. ஆனால் படகு தட்டியிருக்காது.

ஏன் பொறுத்தேன்? தெரியாமல் செய்யவில்லை. இத்தனை நாள், பதறிவிட்டேன், மறந்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பதறவில்லை. நான் தொட்ட பிள்ளைத்தாய்ச்சி யாரும் செத்ததில்லை என்று ஊரில் பேச்சு. பத்தொன்பது வருடப் பேச்சு. அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. ஆற்றைக் கடந்து அனுப்பினால் அது குறைந்துவிடும் என்று — பெருமைடி, ஓன் சேன். வேற என்ன? வெறும் பெருமை.

அழுகை வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது, போனது. வயிற்றில் ஒரு கல் இருந்த இடத்தில் அந்தக் கல்லை முதல் தடவை தொட்டுப் பார்த்ததுபோல இருந்தது. கல் அங்கேயேதான் இருக்கிறது.

ஜூன் 1

மாலையில் அன்பு அனுப்பும் தியானம். எனக்கு நலம் உண்டாகட்டும், எதிரில் இருப்பவருக்கு நலம் உண்டாகட்டும், என் பகைவருக்கு நலம் உண்டாகட்டும். எல்லோரும் முணுமுணுத்தார்கள். 'எனக்கு' என்கிற இடத்தில் என் வாய் திறக்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் திறந்தது.

அடுக்களையில் லோன் மே குழந்தைக்கு ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 2 — பத்தாம் நாள்

காலை பத்து மணிக்குப் பேசலாம் என்று விட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், மைனாக் கூட்டம் போல. நான் அடுக்களைக்குப் பின்னால் போனேன். லோன் மே வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். தூளி அசைந்துகொண்டிருந்தது.

சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. நீ இரண்டு தடவை கேட்டாய், நான் இரண்டு தடவை பொறு என்றேன், இருபத்தைந்து நிமிடம், படகு மேல் பழியைப் போட்டு எழுதினேன். ஏன் பொறுத்தேன் என்பதையும் சொன்னேன். அதுதான் வாயைவிட்டு வரக் கஷ்டமாக இருந்தது.

அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"நானும் அங்கதான இருந்தேன் நர்சம்மா. கேட்டது எனக்கு ஞாபகம் இல்லாமலா போகும்? நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். அப்பறம் எல்லாரும் படகு படகுன்னாங்க. சரி, படகுதான் போலன்னு நானும் நம்பிட்டேன்." கத்தி நின்றது. "பா டின் அண்ணன் தெருவுல எதுக்க வந்தாரு. மூஞ்சிக்கு நேரா காறித் துப்புனேன். அந்த மனுஷன் தொடைச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்லாமப் போனாரு. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல. முதல்ல உன்கிட்ட—"

"எங்கிட்ட எறக்கி வச்சுட்டு லேசாப் போயிரலாம்னு பாத்தீங்களா? பத்து நாளு கண்ணை மூடி உக்காந்தா ஆச்சா? நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லணுமா? சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம், லோன் மே. அதுக்கு வரலை."

"அப்ப போங்க. தண்டு கறுத்துரும். எனக்கு வேலை இருக்கு."

போனேன். கூடத்தில் வெறும் பாயில் உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் எரிந்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

சயாலேயிடம் நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "படகுக்காரர்கிட்டச் சொன்னீங்களான்னு அவங்க கேட்டது நல்ல வழிதான அக்கா. எனக்குக்கூடத் தோணலை" என்றார்.

ஜூன் 3, ஞாயிறு

துறைக்கு வந்ததும் பா டின் அண்ணன் படகில் ஏறினேன். நான் ஒருத்திதான். நடு ஆற்றில், இன்ஜின் சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கையைக் காதுக்கு வைத்து, "என்னது?" என்றார். மறுபடி கத்தினேன். இப்படிப்பட்ட விஷயத்தை இரண்டு தடவை கத்துவது—

இன்ஜினை அணைத்தார். படகு தானாக மிதந்தது. ரொம்ப நேரம் தண்ணீரைப் பார்த்தார்.

"அன்னைக்கு ஆளு வந்து கூப்பிட்டப்ப நான் சோறு தின்னுட்டிருந்தேன்" என்றார். "கையக் கழுவாம ஓடி வந்தேன். அஞ்சு மாசமா, அந்தக் கவளத்தை முழுங்கின நேரத்துலதான் தண்ணி போயிருச்சோன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்."

நான் பலகையில் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

"என் பொண்டாட்டிகிட்ட வந்து சொல்லுங்க. அவகூட என்னை நம்பலை. அவகிட்ட சொன்னாப் போதும், ஊருக்குத் தானாப் போயிரும். அவ வாயி ரேடியோ."

சிரிக்கிற மாதிரி சொன்னார். கண் அப்படி இல்லை.

ஜூன் 4

அவர் வீட்டுக்குப் போனேன், சொன்னேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அங்கே அழும் சத்தம். பா டின் அண்ணன் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார், ஒன்றையும் வாயில் போடாமல்.

மத்தியானத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

ஜூன் 5

அறிக்கையைத் திருத்தி எழுதி மோல்மீனுக்கு எடுத்துப் போனேன். டாக்டர் யூ யூ இரண்டு முறை படித்தார்.

"இதை நான் மேலே அனுப்பித்தான் ஆகணும். வேலைகூடப் போகலாம்."

"அனுப்புங்க டாக்டர்."

"மனசுக்குன்னு ஏதாவது செய்யச் சொன்னேன். இப்படிச் செய்வீங்கன்னு நெனைக்கலை."

கை நடுங்குகிறதா என்று பார்த்தார். கொஞ்சம் நடுங்கியது.

ஜூன் 9

காலை ஐந்து மணிக்கு உட்காருகிறேன். மடத்தில் இருந்த அமைதி இங்கே இல்லை. சேவல், பக்கத்து வீட்டு இருமல், அடுத்தாற்போல் பட்டறை. பாதி நாள் கோபம்தான் வருகிறது. யார் மேல்? கிணற்றடியில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறவர்கள் மேல். அவர்கள் நிறுத்தாமல் என்ன செய்வார்கள்?

இன்றைக்கு இவரும் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டார். மூன்றாவது நிமிடம் குறட்டை.

எழுந்ததும், "நல்ல தியானம்" என்றார்.

ஜூன் 16

கால் வலியெடுக்கும்வரை நடந்தேன். நேர்ப் பாதையில். லோன் மே கடையில் கூட்டம் இருந்தது. நான் நிற்கவில்லை, அவள் நிமிரவில்லை. ஆனால் சுற்றிக்கொண்டு போகவில்லை.

ஜூன் 25

விசாரணை முடிந்தது. எச்சரிக்கைக் கடிதம். மூன்று மாதம் மோல்மீன் பிரசவ வார்டில் பயிற்சி, பிறகு பழைய இடத்துக்கே. வேலை போகவில்லை என்றதும் முதலில் நிம்மதி வந்தது, உடனே வெட்கம் வந்தது. இரண்டும் வந்தன, இரண்டும் போயின. பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 11

வார்டில் எனக்குச் சொல்லிக்கொடுப்பவளுக்கு என் மகள் வயது இருக்கும். எனக்கு மகள் இருந்திருந்தால். "அக்கா, இரத்தத்தைக் கண்ணால மதிப்புப் போடாதீங்க, அளந்து பாருங்க" என்கிறாள். பத்தொன்பது வருடமாகக் கண்ணால்தான் மதிப்புப் போட்டேன். நனைந்த துணியைத் தராசில் நிறுத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கண் சொல்வதைவிட எப்போதும் கூடத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 3

மழை. படகு இல்லை. வார்டிலேயே தங்கல். விடிகாலையில் துணி அலமாரிக்குப் பின்னால் இருபது நிமிடம் உட்கார்ந்தேன். 'எனக்கு நலம் உண்டாகட்டும்' என்று சொல்லிப் பார்த்தேன். குரல் வந்தது. நம்பினேனா தெரியாது. வந்தது.

செப்டம்பர் 26

திரும்ப வந்தேன். நிலையத்துக் கதவில் கறையான். பிரசவ அறைக் கடிகாரத்தை எதிர்ச் சுவரில் மாட்டினேன், கட்டிலில் இருக்கிறவளின் வீட்டாருக்கும் தெரியும்படி. அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது என்று வைத்திருக்கிறேன்: பத்து நிமிடத்தில் இரத்தம் குறையவில்லை என்றால் நீங்களே படகுக்கு ஓடுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

யாராவது என்னிடம் வருவார்களா, அதுதான் கேள்வி.

அக்டோபர் 2

வந்தாள். நெல் மில்லில் வேலை செய்பவள், இரண்டாவது பிள்ளை. ஆண். பிறந்து பத்து நிமிடம் ஆகியும் இரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. துணியை நிறுத்தேன். அவள் மாமியார் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஓடினாள்.

பா டின் அண்ணன் படகு. நானும் ஏறினேன். அடிவயிற்றில் கை வைத்தபடியே. ஆற்றில் பாதி தூரம் போவதற்குள் இரத்தம் நின்றுவிட்டது. சுத்தமாக நின்றுவிட்டது. மாமியார் சிரிக்க ஆரம்பித்தாள்.

"திருப்பிரலாமா நர்சம்மா? வீணா எதுக்கு?" என்றார் பா டின் அண்ணன்.

"வேண்டாம். போவோம். ஒரு ராத்திரி அங்க படுக்கட்டும்."

"சரிதான். காத்து வாங்குன மாதிரி ஆச்சு" என்று இன்ஜினை முடுக்கினார்.

என் கையைப் பார்த்தேன். சும்மா இருந்தது.

அக்டோபர் 10, புதன்

தடுப்பூசி நாள். காலை முழுக்க அழுகை, மூத்திரம், வேர்வை. இருபத்தொரு குழந்தைகள். நிமிர்ந்து பார்க்க நேரமில்லை, கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தேன், அட்டையை வாங்க, ஊசியைப் போட, அட்டையை வாங்க, ஊசியைப் போட. ஓர் அட்டையில் பிறந்த தேதி ஜனவரி 8 என்றிருந்தது.

இதுவரை அந்தக் குழந்தைக்கு எல்லா ஊசியும் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் போட்டிருக்கிறது. முத்திரைகளைப் பார்த்தால் தெரிகிறது.

லோன் மே மேசைக்கு முன்னால் நின்றிருந்தாள். குழந்தைக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு பற்கள். கன்னத்தில் தனக்கா வட்டமாகப் பூசியிருந்தது. என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது.

"அம்மை ஊசிதான? ஒம்பது மாசத்துக்கு" என்றாள்.

"ஆமா."

"இவ உதைப்பா. நான் பிடிச்சா நிக்க மாட்டா. நீங்க மடியில வச்சுக்கிட்டுப் போடுங்க."

வாங்கி மடியில் வைத்தேன். கனம். இடது கையைப் பிடித்தேன், போட்டேன். ஒரு நொடி வாயைத் திறந்து சத்தம் வராமல் இருந்தது, பிறகு கூரை பறக்க அழுதது. உதைத்தது, வயிற்றிலேயே. லோன் மே உடனே கையை நீட்டவில்லை. பையில் எதையோ தேடினாள், ஒரு பிஸ்கட் எடுத்தாள், காகிதத்தை நிதானமாகப் பிரித்தாள். குழந்தை அழுகையை நிறுத்தும்வரை என் மடியிலேயே இருந்தது.

பிறகு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வரிசையில் பின்னால் நின்றவள் முன்னே வரப் பார்த்தாள். லோன் மே நகரவில்லை.

"அடுத்தது எப்ப?"

"பதினெட்டு மாசத்துல. அடுத்த ஜூலை."

"வாயால சொன்னா மறந்துருவேன். தேதி எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, இரண்டாக மடித்து லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு போனாள்.